திங்கட்கிழமைக்குள்

தேய்க்கிற மெஷினுக்கு ஒருநாள் வாடகை
ஆயிரத்து இருநூறு.
ஒன்பது மணிக்கு வந்து இறங்கியது.
ஒன்பது பத்துக்குப்
பள்ளத்தூர் முழுக்கக் கரண்ட் இல்லை.

உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி
முழங்காலில் இறங்கினோம், சவரிமுத்துவும் நானும்.
மாடித் தளத்தில் தேக்குப் பலகை அறுபத்துநாலு.
கட்டிலும் பீரோவும் மறைக்கப்போகும் பதினொன்றை
மனசாட்சியோடு பேரம் பேசிக் கழித்தேன்.

மரத்தூளில் பசை குழைத்து
இடுக்கெல்லாம் அடைத்தான்.
"குடிவரப்போறது பல் டாக்டர்" என்றேன்.
"அப்ப சொத்தையக் கண்டுபிடிச்சிருவாரே" என்று
இன்னொரு முறை விரலால் அழுத்தினான்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
ஐந்துக்கே வாசலில் மெஷின்காரன்.
அந்த அரைமணி நேரம்
வீடே மஞ்சள் பொடியாய்ப் பறந்தது.

ஆளிவிதை எண்ணெய் இரண்டு லிட்டர்
ஜன்னலோரம் வரைக்கும்தான் வந்தது.
கடைக்குப் போக நேரமும் இல்லை,
பையில் பணமும் இல்லை.
மிச்சமிருந்த ஒரே பலகையில்
சவரிமுத்து தன் இரண்டு உள்ளங்கைகளையும்
மெதுவாகத் துடைத்தான்.