நடுப் பட்டை

எட்மன்ஸ்டனுக்கு மேலே மலைச்சாலை.
நவம்பர் கடைசி.
டிரெய்லரில் அரை கார்ட் மேப்பிள்:
நாலடி அகலம், நாலடி உயரம், நாலடி நீளம்.
இரண்டு கோடை காய்ந்தது.
ஒன்றோடொன்று தட்டினால் டங்கென்று பதில் சொல்லும்.
ஈரக்கட்டை முனகும்,
அதை நான் விற்பதில்லை.

பாரம் அச்சுக்குச் சற்று முன்னால்.
பின்னால் ஏற்றினால் இறக்கத்தில் வண்டி பாம்பாக நெளியும்.
என் கூட்டாளி லுட்ஜேர் ஒருமுறை நெளிந்தான்;
தோளில் இன்னும் இரண்டு திருகாணி இருக்கிறது.
மழைநாளில் அவற்றோடு பேசுகிறான்.

மூன்று பட்டை போட்டேன்,
பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்கினேன்.
கட்டைகள் குலுங்கிக் குலுங்கித்
தமக்கு இடம் தேடிக்கொள்ளும்,
பட்டைக்கு அது தெரியாது.
இருபதாவதிலும் நிறுத்தியிருக்க வேண்டும்.
கையுறை நனைந்திருந்தது.
நிறுத்தவில்லை.

ஒதீல் வீட்டுப் பாதை
உருகி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது.
மேலே நின்று அவள் கை காட்டுகிறாள்:
வா, வா, போன வருடம் வந்தாயே!
ஏறிவிடலாம், ஒதீல்.
இறங்குவது என் கையில் இல்லை.
சமதரையில் நிறுத்தி
சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டேன்.
(முட்டுக்கட்டை, என் தொழிலில் நல்ல வார்த்தை.)

அப்போதுதான் பார்த்தேன்,
நடுப் பட்டை தொய்ந்திருந்தது.
மேல் வரிசையில்
பல் விழுந்த வாய்போல் ஓர் இடைவெளி.

'ஒரு கட்டைதானே, போகட்டும்' என்றாள்.
அவளுக்கு ஒரு கட்டை.
இருட்டில் வளைவு திரும்புகிறவனுக்கு?

டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினேன்,
இருபது கிலோமீட்டர் வேகத்தில்,
நாலு விளக்கும் சிமிட்ட,
சன்னல் திறந்து, குளிர் காதைத் தின்ன.
ஒவ்வொரு நிழலும் கட்டையாகப் படுத்திருந்தது.

பாலத்துக்கு முந்தைய வளைவில்
தாரில் ஒரு புதுக் கீறல்,
விரல் நீளத்துக்கு மேப்பிள் பட்டைச் சீவல்.
கட்டை இல்லை.
பனியில் காலடிகள் வந்திருந்தன,
போகும்போது
கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருந்தன.

அவை போய்ச் சேர்ந்த வீட்டில்
புகைபோக்கி அப்போதுதான் மூச்சு விடத் தொடங்கியிருந்தது.
நல்ல புகை. மெலிந்த, நீலப் புகை.
ஈரக்கட்டையில் அது வராது.
என் சரக்குதான்.
கதவைத் தட்டவில்லை. என்ன சொல்லித் தட்ட?

திரும்பி வந்தால்,
ஒதீல் வாளி வாளியாகச் சாம்பலைக்
கீழ்வரை கொட்டி முடித்திருந்தாள்.
போன வருடம் நான் இறக்கிய அதே மேப்பிள்,
கறுப்பாக, கரகரவென்று,
பூட்ஸைப் பிடித்துக்கொண்டது.
அதன்மேல் ஸ்லெட்டை இழுத்தோம்,
இருபத்தாறு நடை.
பதினான்காவதில் அவள் எண்ணுவதை விட்டாள்,
பத்தொன்பதாவதில் என்னைத் திட்டத் தொடங்கினாள்.

ரசீதில் ஒரு கட்டை கழித்து எழுதினேன்.
எழுபது காசு வந்தது.
நடுப் பட்டையைச் சுருட்டி
வண்டிக்குள் எறியப் போனவள்
எறியாமல்
கத்தியால் குறுக்கே வெட்டினேன்,
லுட்ஜேர் கண்ணில் பட்டால்
'இன்னும் ஒரு வருடம் தாங்கும்' என்பான்.