ஆயிரம் கிராம்

மூன்றாம் தரமும்
தண்ணீர் விளிம்புவரை ஏறி வந்து
நின்று யோசித்தது.
நானும் நின்று யோசித்தேன்.
வெளியே ஆதிரையின் பதினாறுக்கு வந்த சனம்.
கேக்கில் மெழுகுதிரி கொளுத்தியாயிற்று.
"உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ?"
ஒருவருமில்லை என்று சொல்ல வாய் உன்னியது.
பட்டுச் சேலையைத் தொடைவரை சொருகிக்கொண்டு
றப்பர் தடியோடு நிற்பவளை
ஒருவர் என்று கணக்கில் எடுக்கலாமா?

அன்றிரவே முடிவெடுத்தோம்.
இந்த ஏஜக்ஸ் வீட்டை எங்களுக்கு விற்றவர்
விட்டுப்போன எலும்பு நிறக் கொமட்.
ஆறு லீற்றரைக் குடித்துவிட்டு
பாதியைத் திருப்பித் தருகிற பிறவி.

சனிக்கிழமை. கார்க் கண்ணாடியில் ஈரப்பனி.
கடையில் பதினாலாம் வரிசை.
தலைக்கு மேலே நீளப் பலகையில்
மூடி திறந்ததும் திறக்காததுமாய்
பிரகாரத்து அறுபத்துமூவர் மாதிரி
வெள்ளை வெள்ளையாய் வீற்றிருக்கின்றன.
சிவசிவா, கை கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புவனேந்திரன் கைபேசியைத் தேய்க்கிறார்.
எத்தனை நட்சத்திரம், எத்தனை லீற்றர்,
சுவரிலிருந்து எத்தனை அங்குலம்.
ஒரு பெட்டியில் தடித்த எழுத்து: ஆயிரம் கிராம்.
"இதென்ன நிறையோ?"
டெரிக் என்று சட்டையில் குத்தியிருந்த பொடியன்
காது சிவந்து, இவருக்கு மட்டும் விளக்கினான்:
சோயாப் பசையை உருட்டிப் போடுவார்களாம்,
ஒரே இழுவையில் ஒரு கிலோ போகவேணுமாம்.
"ஒரு கிலோவோ!
ஆரப்பா அவ்வளவு..."
"சோயாவெண்டால் சைவம்தானே" என்றேன்.
சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன்.
உள்வளைவு எத்தனை அங்குலம்?
வளைவுக்குள்ளும் பளபளப்புப் பூசியிருக்கோ,
இல்லை, கண்ணுக்குத் தெரிகிற இடம் மட்டுமோ?
தொட்டியின் அடிவாய் மூன்றங்குலமோ இரண்டோ?
டெரிக் முதல்தரமாக என் பக்கம் திரும்பினான்.
கீழே இருந்த ஒன்றுக்குள் கையை விட்டேன்,
முழங்கைவரை.
விரல் நுனி வளைவில் சொரசொரத்தது.
"இது வேண்டாம்."

பதினொரு வருசம்.
ரொறன்ரோவில் வங்கிக் கட்டடம், இரவு வேலை.
ஊரில் கேட்டால் ஒஃபிஸில் வேலை.
பொய்யில்லை, ஒஃபிஸில்தான்.
இருபத்திரண்டாம் மாடி, வக்கீல்மார்: பெருமூச்சு விடும்.
ஒன்பது: விக்கும், பிறகு விழுங்கும்.
முப்பத்தொன்றில் ஒன்று இருக்கிறது,
யாரும் இல்லாத நேரம் தானாய் இழுத்துக்கொள்ளும்.
முதல் மாரியில் அதற்குப் பயந்திருக்கிறேன்.
விளம்பரம் வாசிக்கத் தெரியாவிட்டாலும்
சத்தம் கேட்டுச் சொல்லுவேன்
எது ஏமாற்றும், எது ஏமாற்றாதென்று.

"உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"
புவனேந்திரன் உண்மையாகவே கேட்டார்.
பதினொரு வருசமாய் ஒவ்வொரு இரவும்
கட்டடத்தின் பின்கதவில்
என்னை இறக்கிவிடுகிற மனிசன்.
நான் பெட்டியின் மறுமூலையைத் தூக்கினேன்.
இருநூற்றெண்பத்தொன்பது டொலர்.
கழுவுகிற குழாய் தனியாக நாற்பது.

ஞாயிறு மத்தியானம் பூட்டி முடித்தார்,
மெழுகு வளையம் ஒன்று வீணாகி,
இரண்டாவதில் சரிவந்து.
பரீட்சைக்கென்று மிஞ்சிய கேக்கோடு வந்தார்.
"சாப்பாட்டை அதுக்குள்ளையோ!" என்று பறித்தேன்.
கடைசியில் கடதாசி உருண்டைகள், இருபத்துநாலு.
ஆதிரை எண்ணினாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே.
நான் கண்ணை மூடினேன்.

ஒரே மூச்சு.
விக்கலில்லை, இருமலில்லை.
அடியில் ஒரு சின்னக் களக்,
திறப்பு ஒன்று திரும்பியது போல.
பிறகு தொட்டி நிறைகிற ஒலி மட்டும்.
ஆதிரை கை தட்டினாள். உடனே வெட்கப்பட்டாள்.

இரவு வேலைக்கு வெளிக்கிட்டபோது
பழையது வீதியோரத்தில் கிடந்தது,
குப்பை வண்டி வியாழன்தான் வரும்.
உள்ளே பனி கொட்டி
விளிம்பு மட்டத்துக்கு வந்திருந்தது, வழமைபோல.

நெடுஞ்சாலையில் அவர் பேசவில்லை.
பின்கதவில் வண்டி நின்றது.
நான் இறங்கப்போக,
"இண்டைக்கு எத்தினையாம் மாடி?"

"பதினேழு."

எஞ்சினை நிற்பாட்டினார்.
"அங்கை எப்பிடி?"

"இருமும்" என்றேன்.
கையுறையைத் தேடுகிற சாட்டில்
இன்னும் கொஞ்சநேரம் இருந்தேன்.