பின்பக்கம் வரவும்

மே மாதம் நான் கதவில் மாட்டிய லாவெண்டர் வளையத்தில்
யாரையும் கேட்காமல் ஒரு சிட்டு வந்து முட்டையிட்டது.
ஐந்து. வெளிர்நீலம், அகன்ற முனையில் மைப்புள்ளிகள்.
எல்டன் அட்டையில் எழுதி ஒட்டினான்:
"உள்ளே குடித்தனம் நடக்கிறது. பின்பக்கம் வரவும்."

அன்றிலிருந்து லுனென்பர்க்கில்
எங்கள் வீட்டுக்கு முகம் இல்லை.
தபால்காரர் ஹெட்லி குப்பைத்தொட்டிகளைச் சுற்றி வந்தார்.
பீட்சா சுற்றி வந்தது.
தேவாலயக் கூரைக்கான நன்கொடை ரசீதும் சுற்றி வந்தது.
எல்டனின் அக்கா வெரோனா மட்டும்
"ஒரு குருவிக்காகவா?"
என்று வழி நெடுகக் கேட்டபடி
சுற்றி வந்தாள்.

ஜூனில் குஞ்சுகள் பறந்தன.
நாற்காலி போட்டு ஏறினேன், கழற்றிவிடலாமென்று.
மறுபடி நான்கு முட்டை.
"வாடகையாவது கேள்" என்றான் எல்டன்.

மூடிய கதவுக்கு உட்புறம்
முன்கூடம் மெல்லக் கிடங்காகியது.
துடுப்புகள், காற்றிறங்கிய சைக்கிள்,
இறால் கூண்டுக்கான கயிறு,
யாருடையதென்று இருவருக்குமே தெரியாத
ஒரு ஒற்றைக் கையுறை.

செப்டம்பர் கடைசி வாரம்
துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் ஒரு கூர்மை.
வளையத்தை இறக்கினேன். லாவெண்டர் வாசம் போய்
கோழிக்கூண்டு வாசம்.
கூட்டைப் பிரித்தால்
எல்டனின் தூண்டில் நைலான்,
துணி உலர்த்தும் இயந்திரத்துப் பஞ்சு,
என் தலையிலிருந்து இரண்டு நரை.
நான் கூட்டாமல் விட்டதையெல்லாம்
அவள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அட்டையை உரித்தபோது கூடவே வந்தது மஞ்சள் வண்ணம்.
மஞ்சளுக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே படகுக்கு அடிக்கும் செங்காவி,
அதற்கும் கீழே மரம்.
எங்களுக்கு முன் இங்கே வாழ்ந்த யாரோ
பச்சையை நம்பியிருக்கிறார்கள்.

கடையில் நாற்பது நிமிடம் சண்டை போட்டு
வாங்கிய டப்பாவில் 'நள்ளிரவு ப்ளம்' என்றிருந்தது.
கதவில் ஏறியதும் கத்தரிக்காய்.
"இரண்டாவது பூச்சில் சரியாகும்" என்றேன்.
இரண்டாவது பூச்சில்
முற்றிய கத்தரிக்காய்.

செருப்புகளைப் பெட்டியில் கட்டி மேலே ஏற்றினேன்.
பூட்ஸ்களுக்குத் தட்டு வைத்தேன், பனி உருகி ஓட
இன்னும் இரண்டு மாதம் இருந்தும்.
படிகளில் பூசணி இரண்டு. ஒன்று வெள்ளை,
அதன் அடிப்பக்கம் சப்பை, நிற்க மறுத்தது,
கீழே ஒரு சீப்பு வைத்தேன்.
துருநிறச் செவ்வந்தித் தொட்டி. புது மிதியடி.

ஈரம் காயாததால் அன்றிரவு கதவைச் சாத்தவில்லை.
கோட்டோடு படுத்தோம்.
விடிந்து பார்த்தால் கைப்பிடிக்குக் கீழே
கோணலாக ஒட்டிக் காய்ந்திருந்தது
ஒரு மேப்பிள் இலை.
எல்டன் நகத்தை வைத்தான்.
"பிடுங்கினால் தழும்பு விழும்" என்றேன்.
நாற்பத்திரண்டு டாலர் கொடுத்து வாங்கிய
கோதுமைக்கதிர் வளையத்தை
ரசீதோடு பையில் போட்டேன்.

சனிக்கிழமை விளக்கைப் போட்டுக் காத்திருந்தேன்.
ஹெட்லி வந்தார், படியைக் கடந்தார்,
குப்பைத்தொட்டியைச் சுற்றி
அடுக்களைக் கதவைத் தட்டினார்.
"முன்கதவு திறந்தாச்சே, ஹெட்லி."
"கால் பழகிப்போச்சு, மர்னா."

மாலையில் வெரோனா, கையில் ஆப்பிள் பை,
அதே அடுக்களை வழி. கோட்டைக் கழற்றும்போதே கேட்டாள்:
"கதவுக்கு வண்ணம் அடிக்கப்போறதாச் சொன்னியே,
எப்போ?"

பதில் சொல்லாமல் எழுந்து
முன்கூடம் வழியே வெளியே போனேன்.
துடுப்புகள் இல்லாமல் அந்த இடம்
எட்டு எட்டில் முடிந்துவிட்டது.
கதவை இழுத்துச் சாத்தி, மூன்று படி இறங்கி,
தெருவில் நின்று ஒருமுறை பார்த்தேன்.
கத்தரிக்காய்தான். ஆனாலும் அழகு.
பிறகு மூன்று படி ஏறி
இலையில் கைபடாமல்
என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

பை வெட்டும் கத்திச் சத்தம் நின்றது.
உள்ளேயிருந்து எல்டன் கத்தினான்:
"யாரது? பின்பக்கம் வாங்க!"