ஒன்பதாம் இரவு

வுல்வர்ஹாம்ப்டன். பிப்ரவரி. இரவு பதினொன்றரை.
படிவத்தில் நான் எழுதியது இது:
கண்ணாடிகள் துணியால் மூடப்பட்டுள்ளன.
மெத்தை தலைகீழ். அலமாரி கதவோரம் நகர்த்தப்பட்டுள்ளது.
யாரும் தொடாத தட்டில் மீனும் ரொட்டியும்.
இறந்தவரோடு பேசுகிறார். குரல் உயர்கிறது.
ஆள் பெரிய உருவம்.

கடைசி வரியை ஏன் எழுதினேன்?
ஆல்வின் டல்லக் என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது
பாட்டுச் சத்தம் என்று மட்டும்தான்.
வந்தது நான்கு போலீஸ்.
முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய கைகளைப்
பின்னால் வளைத்துப் பிடித்தார்கள்.
"விடுங்க, அவன் கிளம்பணும்" என்றார்.
எவன் என்று நான் கேட்கவில்லை.
தொடர்பற்ற பேச்சு
என்று சேர்த்துக்கொண்டேன்.

அதே வாரம், ஊரின் மறுகோடியில்
திருமதி ஹேதர்சேஜ்
செத்துப்போன கணவரின் கோட்டுக்கு
நாற்காலி இழுத்துப்போட்டு
மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.
அங்கே நான் தனியாகத்தான் போனேன்.
சர்க்கரை எத்தனை கரண்டி என்று
முதலில் கோட்டைக் கேட்டாள், பிறகு என்னை.
துக்கம். இயல்பானது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்.
அதே பேனா.

இருபது நாள் ஊசிக்குப் பிறகு விசாரணை.
அக்கா ஐவரீன் வந்தார்,
அன்றைக்குப் பனியில் நின்றுபோன ரயிலில்
பாடவேண்டியவர்களோடு மாட்டிக்கொண்டவர்.
தொப்பியைக் கழற்றாமல் ஒன்றே ஒன்று கேட்டார்:
"தம்பி செத்து
நீங்கள் போனது எத்தனையாவது இரவு?"
வக்கீல் தாளைப் புரட்டினார்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
ஐவரீனே விரல்விட்டு எண்ணினார்.
இரண்டாவது கையில், மோதிர விரலில் வந்து நின்றது.

ஒன்பது இரவு செத்தவர் வீட்டில் இருப்பார்.
ஒன்பதாவதில்
திரும்பி வந்தால் அடையாளம் தெரியாதபடி
அறையைப் புரட்டிப்போட்டு,
விடிய விடியப் பாடி அனுப்பிவைக்க வேண்டும்.
ஆள் இல்லையென்றால்
ஒருவராகவே.

அப்புறம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள்.
அரை நாள். பிஸ்கட் நன்றாயிருந்தது.
சான்றிதழ் இழுப்பறையில், ஸ்டேப்ளருக்கு அடியில்.

ஏப்ரலில் அவரைப் பார்க்கப் போனேன்.
மருந்தில் நாக்கு தடித்திருந்தது.
ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி
இறக்கிவிட்டுப் பேசினார்.
"பாதிப் பாட்டில் கூட்டிப் போனீங்க.
தம்பி போனானா, இல்லையா?
உங்க படிவத்தில் அதுக்குக் கட்டம் இருக்கா?"

பேனாவை எடுத்தேன். பழக்கதோஷம்.
பைக்குள் போட்டுவிட்டு
அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தேன்,
பழைய இடத்துக்குத் தள்ளலாமென்று.

"இப்போ வேண்டாம்" என்றார்.
"அவன் பார்த்துட்டிருக்கான்."