இடப்பக்கம்

வலப்பக்கம் வடிவாய்த் திரும்புது.
இடப்பக்கம் கேட்டால்
முனகுது; பாதியில் நின்று
உள்ளங்கைக்குள் நடுங்குது.

போன ஞாயிறு முற்றவெளியில்
கிறிசாந்தனின் மஞ்சள் வண்டியை விலத்தப்போய்
கொங்கிறீற்றுக் கட்டில் மோதினதிலிருந்து
இப்பிடித்தான்.
அன்றிரவே கழற்றிப் பூட்டினேன்.
விரல் நோக ஒவ்வொரு ஸ்குறூவையும் இறுக்கினேன்,
இனிக் கழராதென்று.

பற்றறி மாற்றிப் பார்த்தேன்.
ரிமோட்டின் சின்னக் குமிழை
இடதுக்கும் வலதுக்கும் திருகிப் பார்த்தேன்.
பிறகு சேவோவில் பழி போட்டேன்.
ஸ்ரியறிங்கை இழுக்கிற
தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி;
பல்லுத் தேய்ந்திருக்கும் என்று
நானே தீர்ப்பெழுதினேன்.
கொழும்பிலிருந்து புதுசு வந்தது,
இரவு பஸ்ஸில், ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்,
ஆரோ ஒருவரின் அகர்பத்திப் பார்சல் மணத்தோடு.
பூட்டினேன்.
அதே முனகல்,
கொஞ்சம் கூடின பலத்தோடு.

வெட்கமாய்க் கிடந்தது.
பெரியாஸ்பத்திரியில் பதினொரு வருசமாய்
தோள் இறுகிப்போனவர்களின் கையைத் தூக்குகிறவள் நான்.
முதல் நாள் சொல்லுகிற முதல் வார்த்தை:
நீங்களாய்த் தூக்குங்கோ.
ஏலாதோ? சரி, கையைத் தளர விடுங்கோ,
இப்ப நான் தூக்கிறன்.
என் கைக்கு வந்தால் பிழை தசையில்.
எனக்கும் வராட்டில் மூட்டில்.
இந்தச் சோதனைக்கு
ஒரு சதமும் செலவில்லை.

செவ்வாய் இரவு, கரண்ட் போன வேளை,
சின்ன ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு
சேவோவின் கொம்பிலிருந்து கம்பியை விடுவித்தேன்.
சில்லை ஒற்றை விரலால் தள்ளினேன்.
வலது: போனது.
இடது: அதே இடத்தில் அதே பிடிவாதம்.
தசை இல்லை. மூட்டு.

ஒவ்வொன்றாய்க் கழற்றிச்
சோற்றுக் கோப்பைக்குள் போட்டேன்.
பந்து முனைகள் சுழன்றன, குற்றமில்லை.
பெயறிங்கைத் தட்ட
பண்ணைக் காற்றின் உப்பும்
முற்றவெளிப் புழுதியும் ஒன்றாகிச்
செங்கல் நிறத்தில் கொட்டியது.
மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு துளி எண்ணெய் விட்டு,
பிடிபட்டான் கள்ளன் என்று
சிரித்துக்கொண்டே பூட்டினேன்.
இல்லை. அரைவாசிக் கள்ளன்தான்.
முனகல் குறைந்தது, நிற்கவில்லை.

தங்கச்சி எட்டிப் பார்த்து
“உதுக்கு விசர் பிடிச்சிட்டுது” என்றாள்.
எதுக்கென்று நான் கேட்கவில்லை.

இடப்பக்க மூட்டின் மேல் ஸ்குறூ.
கால்வாசிச் சுற்று, எதிர்ப்பக்கமாய்.
அவ்வளவுதான்.
வண்டியைச் சரித்தேன்; விரல் தொடமுன்னம்
சில்லு தன் பாரத்திலேயே திரும்பியது.

மோதலுக்குப் பங்கில்லை.
சேவோவுக்குப் பங்கில்லை.
உப்புக்குப் பாதி.
மிச்சப் பாதி
ஞாயிறு இரவு, விரல் நோக,
நான்.

தளர்த்தின ஸ்குறூ ஓட்டத்தில் கழன்று போகும்.
தங்கச்சியின் நெயில் பொலிஷ், ஊதா,
மரையில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டேன்.
பழைய சேவோவைத் துடைத்து
மேசை லாச்சிக்குள் வைத்தேன்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை;
லாச்சியை மெல்லமாய் மூடினேன்.

புதன் காலை வில்வராசன் அண்ணை வந்தார்,
ஓட்டோக்காரர், இடது தோள்.
இரண்டு கிழமையாய் முன்னேற்றமில்லை,
வீட்டில் பயிற்சி செய்கிறாரில்லை என்று
கொப்பியில் என் கையெழுத்து.
கையைப் பிடித்தேன்.
வழக்கமாய் அழுத்துகிற இடம் வந்ததும்
அழுத்தாமல் நின்றேன்.
“போன முறை நான் கூட இழுத்தனானோ?”
அவர் நிலத்தைப் பார்த்தார்.
“சொல்லக் கூடாதெண்டு இருந்தனான், மிஸ்.”

ஞாயிறு, நாலு மணி, முற்றவெளி.
நாலு வண்டியில் நான் மூன்றாவது.
கடைசிச் சுற்றில் பற்றறி இறங்கிவிட்டது;
கிறிசாந்தன் சிரித்த சிரிப்பு
ஐஸ்கிறீம் வான் பாட்டுக்கு மேலால் கேட்டது.
கேட்கட்டும்.
அதற்கு முதல், தண்ணி தேங்கின
அந்த இடப்பக்க வளைவில், வேகம் குறையாமல்,
ஆரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல
திரும்பினதை
நான் பார்த்துவிட்டேன்.