கைமாற்று

படகு என்று பெயர் வைத்த ஊரில்
படகு விட ஆறில்லை.
நூற்பாலைக்காரர்கள் ஆறுகளைச்
செங்கல் குழாய்க்குள் தள்ளி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
அவை எங்கே ஓடுகின்றன என்று
தெரிந்து வைத்திருப்பதுதான்
வூட்ஜ் நகராட்சியில் என் வேலை.
நீலக் கோடு மழைநீர்,
பழுப்பு மற்றது.
கணினி கோடு போடும்.
இருபத்து மூன்று வருடமாக
நான் ‘சரி’ போடுகிறேன்.

செவ்வாய் மாலை வகுப்பு
பழைய சாயப்பட்டறையின் நிலவறையில்.
பிப்ரவரி. படிகளில் உப்புத் தூவிய பனி.
தங்கை கிங்கா பணம் கட்டிவிட்டு
முழங்கால் வலி என்று என் தலையில் கட்டியது.
கட்டிய பணம் வீணாகக் கூடாது:
கலை என்னிடம் வந்த வழி இவ்வளவுதான்.

யாரோமிர் அதிகம் பேசமாட்டான்.
துத்தநாகத் தகடு ஒன்று, ஊசி ஒன்று.
‘பூச்சைக் கீறுங்கள், தகட்டைக் கீற வேண்டாம்.
மீதியை அமிலம் பார்த்துக்கொள்ளும்.’

மூன்று செவ்வாய் நான் எதையும் கீறவில்லை.
கரும்பூச்சில் மங்கலாகத் தெரிந்த
என் நெற்றியையே பார்த்திருந்தேன்.
அடுத்த மேசையில் பல் மருத்துவர் அம்ப்ரோஜி
வாத்துகளாக வரைந்து தள்ளினார்.
அடுத்தவர் பல்லில் துளை போட்டுப் பழகிய கை.
துணிச்சல் அவருக்குத் தொழிலோடு வந்தது.

நான்காம் செவ்வாய்
வேறெதுவும் தோன்றாமல் தெரிந்ததைப் போட்டேன்:
எங்கள் முற்றத்துச் சாக்கடை மூடி,
கதவெண் 47,
அடியில் யாஷென் ஆறு.
வரைபடத்தில் அதற்கு இரண்டு மில்லிமீட்டர் அகலம்.
இங்கே அகட்டினேன். வளைத்தேன்.
கரையோரம் சாய்கோடுகளால் நிழல் அடைத்தேன்.
யாரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை.

அமிலத் தொட்டியில் ஒவ்வொரு கோடும்
சோடாவைப் போல நுரைத்தது.
குமிழிகளை இறகால் விரட்ட வேண்டும்,
இல்லாவிட்டால் கோடு அங்கங்கே அரிபடாமல் நிற்கும்.
‘சொத்தைக்கு நேர்மாறு’ என்றார் அம்ப்ரோஜி.
பிறகு மை. துடைப்பு. மறுபடி துடைப்பு.
மேலே உள்ளதெல்லாம் போக வேண்டும்,
பள்ளத்தில் உள்ளது மட்டும் நிற்க வேண்டும்.
ஈரத்தாள், கம்பளம்,
என் உயரச் சக்கரம்.

மூலையிலிருந்து தாளை உரித்தேன்.
ஆறு மறுபக்கம் போனது.
47 கண்ணாடியில் பார்ப்பது போல் நின்றது.
அதெல்லாம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

நிழலைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
வலக்கை போட்ட சாய்கோடுகள்
தாளில் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தன,
நொட்டாங்கைக்காரி ஒருத்தி போட்டது போல.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
முதல் வகுப்பு நோட்டு,
முதல் இரண்டு பக்கம்.
மூன்றாம் பக்கத்திலிருந்து
டீச்சர் வியெல்கோஷ் என் இடக்கையை
நாற்காலி முதுகோடு கட்டி வைத்தார்.
கொடுமைக்காரி அல்ல.
நீல நாடா, அழகான பூ முடிச்சு.
அம்மா நன்றி சொல்லி
ஒரு குப்பி பிளம் ஜாம் கொடுத்தனுப்பினாள்.

இங்கே அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
மைக்கையோடு மூக்கைச் சொறிந்தேன்.
அம்ப்ரோஜி விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வாரம் ஊசி இடக்கையில்.
நீண்ட விடுப்பு முடிந்து வந்த ஊழியர்
கடவுச்சொல் மறந்து திரையின் முன் இருப்பது போல
அது சும்மா இருந்தது. நடுங்கியது.
பிறகு ஒன்றைப் போட்டது.
படகு மாதிரி. படகுதான் என்று
உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அச்சில் எடுத்தால்
நிழல்களெல்லாம் வலக்கை போட்டதாக
ஒழுங்காய்ச் சாய்ந்திருந்தன!
டீச்சர் பார்த்திருந்தால்
சிவப்பு மையில் ‘நன்று’ போட்டிருப்பார்.
நாற்பத்தாறு வருடக் கைமாற்று.
எந்தக் கை எதற்குக் கடன் என்று பார்க்காமல்
இரண்டையும் சேர்த்துக் கழுவினேன்.
நகக்கண்ணில் கொஞ்சம் மை போகவில்லை.

புதன்கிழமை,
யாஷென் குழாயில் விரிசல் என்று கோப்பு வந்தது.
கணினி நேர்கோடு போட்டிருந்தது.
ஆறு அப்படிப் போகாது என்று எழுதித்
திருப்பி அனுப்பினேன்.