கடைவாய்ப்பல்

ஆற்றின் பெயர் தேவமாதா.
என் ஊரின் பெயர் நரகம்.
நடுவில் விசைப்படகில் ஒன்றரை மணி நேரம்,
நீர் வற்றிய ஆகஸ்டில் இரண்டே கால்.

பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள்
மிதவைச் சட்டை இறுக்கிய விருந்தாளிகள்.
யார் வைத்தது என்பார்கள்.
கொசுவுக்குப் பயந்து ஓடிப்போன எவனோ ஒருவன்.
நாங்கள் ஓடவில்லை,
பெயரும் ஓடவில்லை.

நான் சொராய்தா மிஷாகா.
இருபத்தாறு வருடமாகச் சுக்கான் பிடிக்கிற கை.
பேசுவதற்கென்று எவெர் இருக்கிறான்,
குஸ்கோவில் படித்த பையன்,
மழையிலும் கேட்கிற குரல்.

விடியுமுன் களிமண் கரை.
முதலில் ஒரே ஒரு பச்சைக்கிளி
ஒற்றனைப்போல் வந்து பார்த்துவிட்டுப் போகும்.
பிறகு இருபது. பிறகு எண்ண முடியாது.
சிவப்பும் நீலமும் மஞ்சளும்
செங்குத்தான மண்ணில் தொங்கிக்கொண்டு
சண்டை போட்டபடி மண்ணைத் தின்னும்.
உப்புக்காக என்கிறான் எவெர்.
கடல் அந்தப் பக்கம்,
நடுவில் பனி மூடிய மலை முழுக்க.
பருந்தின் நிழல் ஒன்று விழுந்தால் போதும்,
கரை வெறுமண்.

பிறகு கஸ்தான்யா மரம்.
ஆறு பேர் கைகோத்தாலும் சுற்றிவர முடியாத தண்டு.
காய் ஒன்று ஒன்றரைக் கிலோ,
ஜனவரி மழையில் சொல்லாமல் விழும்.
என் மைத்துனன் லியோவிகில்தோவின் தோள்
இன்னும் ஒரு பக்கமாகத்தான் சாய்கிறது.
அந்த ஓட்டைக் கொறித்துத் திறக்க
அகூட்டியின் பல்லால் முடியும்.
தின்றது போக மிச்சத்தைப் புதைக்கும்,
புதைத்த இடத்தை மறந்துபோகும்.
மறந்ததெல்லாம் மரமாகி நிற்கிறது.

ரப்பர் மரத்தில் பழைய வெட்டுகள், மீன்முள் மாதிரி.
எங்கள் ஆட்களைக் கடன் கணக்கில் எழுதி
மேலாற்றுக்கு இழுத்துப்போன காலம் அது.
எவெர் அதை மூன்று வாக்கியத்தில் முடிப்பான்.
சாப்பாட்டுக்கு நேரமாகிறது.

கடைசியில் கப்பல்.
ஆறு படுக்கையை மாற்றிக்கொண்டு எழுந்து போய்விட,
காட்டு நடுவே கிடக்கும் இரும்பு.
கொதிகலனுக்குள் அத்தி முளைத்திருக்கிறது.
"ரப்பர் பிரபு ஒருவனின் கப்பல்" என்பான் எவெர்.
சட்டென்று எல்லோரும் குரல் தாழ்த்துவார்கள்.
பிறகு படம் பிடிப்பார்கள்.

அது ஆஸ்பத்திரிக் கப்பல்.
துருவுக்கடியில் வெள்ளைச் சாயம் செதில் செதிலாக இருக்கிறது.
மாதம் ஒருமுறை வந்து சங்கூதும்.
பதினேழு வயதில் என் அம்மா
அதன் மேல்தளத்தில் உட்கார்ந்து பல் பிடுங்கிக்கொண்டாள்.
எந்தப் பக்கம் என்று கேட்டது விளங்காமல்
நல்ல பல்லைத் தொட்டுக் காட்டினாள்.
ஆக, இரண்டு போயிற்று.

ஒருமுறை எவெரிடம் சொன்னேன்.
"பல்லைப் பார்க்க யார் அக்கா காசு கொடுப்பார்கள்?"
அதுவும் வாஸ்தவம்தான்.

இன்று ஒரு டச்சுக்காரர் இறங்கவில்லை.
காலையிலிருந்தே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
கொட்டையும் வேண்டாம், காப்பியும் வேண்டாம்.
ரத்தமரத்துப் பிசின் இரண்டு சொட்டு
விரலில் எடுத்து நீட்டினேன்.
எங்கே தடவ என்று கையால் கேட்டார்.
கப்பலைக் காட்டி, வாயைத் திறந்து,
அம்மா செய்தது போலவே
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்
தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.
என்ன விளங்கிற்றோ,
தன் இரண்டு பக்கமும் தடவிக்கொண்டார்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது.
வளைவுக்கப்பால் தங்கம் அரிக்கும் இயந்திரங்கள்,
ஆற்றின் அடிவயிற்றை உறிஞ்சும் சத்தம்.
எவெர் அதைப்பற்றி எதுவும் சொல்வதில்லை.
நான் விளக்கை அணைத்து
எதிர்க்கரை ஓரமாகவே ஓட்டினேன்.
டச்சுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்,
வாய் திறந்தபடி.